சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு: கட்டற்ற இயங்குதளத்தில் தனியுரிம மென்பொருளின் பெயரை எடுக்கலாமா?

மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராம நூலகம். போன வருடம் அங்கே கிடந்த பழைய மடிக்கணினிகள் இரண்டைத் துடைத்து, முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருள் மட்டுமே உள்ள ஒரு லினக்ஸ் வழங்கலை, அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஓர் இயங்குதளத் தொகுப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். வேலை முடிகிற வரைக்கும் கேபிளில்தான் இணையம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வைஃபை வருகிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை. அது எங்கள் தப்பு. நாலு நாள் கழித்து நூலகர் அக்கா போன் செய்தார். "தம்பி, ஒண்ணு நல்லா இருக்கு, இன்னொண்ணுல வைஃபைங்கிற பேச்சே இல்ல. என்னான்னு வந்து பாருங்க." ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றோம். அதற்குள் யாரோ அவசரப்பட்டு அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரர் வைஃபை கார்டு போய்விட்டது என்று சொல்லிக் காசு வாங்கினார், கார்டை மாற்றவே இல்லை, கள்ள விண்டோஸ் ஒன்றை ஏற்றி அனுப்பிவிட்டார். வைஃபை வந்தது. அக்காவைப் பொறுத்தவரை நாங்கள் கெடுத்ததைக் கடைக்காரர் சரிசெய்துவிட்டார்.

கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அது இயங்க ஒரு சின்ன ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் நிரல், வேண்டும். அதன் மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, அதைச் செய்த நிறுவனம் வெளியிடவில்லை, அதனால் அந்த வழங்கல் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்காததில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் "கார்டு உடையவில்லை, இதற்கு இன்ன கோப்பு வேண்டும், அதை நாங்கள் தருவதில்லை, காரணம் இது" என்று திரையில் தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த மடிக்கணினி கடைக்கே போயிருக்காது. அந்த ஒரு வரியைப் போடலாமா கூடாதா, போட்டால் எப்படிப் போடுவது என்று நாங்கள் ஆறு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், மதுரையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை அடிப்படையாக வைத்து ஒரு பென் டிரைவ் தயாரிக்கிறோம். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் உள்ள நூலகங்கள், படிப்பகங்கள், ஒன்றிரண்டு டியூஷன் சென்டர்களுக்குக் கொடுக்க. தமிழ்99 விசைப்பலகை, தமிழ் எழுத்துருக்கள், லிப்ரெ ஆபீஸ், கொஞ்சம் பாட நூல்கள், கூடவே 16 பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு. ஒரு வழங்கலை எடுத்து, கொஞ்சம் மாற்றி, நாலு பேர் கையில் கொடுத்துவிட்டால் நாமும் இயங்குதளம் விநியோகிப்பவர்கள்தான். அப்போது, கையேட்டில் "வேலை செய்யாவிட்டால்" என்ற பக்கத்தில் தனியுரிம மென்பொருளின் பெயரை எடுக்கலாமா என்ற கேள்வி உலகத்தில் பெரிய பெரிய வழங்கல்களுக்கு வந்த மாதிரியே எங்களுக்கும் வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாத மென்பொருள் என்று அர்த்தமில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் நாற்பது வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று சொல்லிலேயே பிரிந்து கிடக்கிறது. ஓட்டலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம், இந்த நாலும் இருந்தால் கட்டற்றது. பைசா வாங்காமல் கொடுத்தாலும் இந்த நாலில் ஒன்று குறைந்தால் தனியுரிமம்தான்.

இனி வழிகளைப் பார்ப்போம். ஒரு கோடியில் இருப்பது பெயரையே எடுக்காத வழி. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், முழுக்கக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைக் கட்டும் குனு திட்டத்தை அறிவித்தார், 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வந்தது. அந்த அறக்கட்டளை இயங்குதள வழங்கல்களுக்கென்று ஒரு நெறி வைத்திருக்கிறது. தனியுரிம மென்பொருளைத் தரக் கூடாது என்பது மட்டும் அதில் இல்லை, பயனரை அதன் பக்கம் திருப்பிவிடவும் கூடாது. மென்பொருளை இறக்கித் தரும் களஞ்சியத்தில் இருக்கக் கூடாது, நிறுவுவது எப்படி என்று ஆவணத்தில் இருக்கக் கூடாது, போட்டால் இன்ன வசதி கிடைக்கும் என்று ஆசை காட்டவும் கூடாது. டிரிஸ்குவல், பாரபோலா, குனு கீக்ஸ் போன்ற வழங்கல்கள் இதைப் பின்பற்றுகின்றன. டெபியன் அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் டெபியன் தன்னுடைய சர்வரிலேயே தனியுரிம மென்பொருள் பொதிகளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது.

எங்கள் குழுவில் ஒருவன் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. "நாம பேர் போட்டுட்டா அது சிபாரிசுதான்டா. கையேட்டுல அச்சாகி வந்தா கிராமத்துல யாரு 'வேண்டாம்'ங்கிற வரியப் படிப்பா? பேரைத்தான் படிப்பாங்க." உண்மை. நாம் கட்டற்றது என்று சொல்லிக் கொடுக்கிற ஒன்றிலேயே தனியுரிமத்துக்குப் போகும் கதவைத் திறந்து வைத்தால், கட்டற்றது என்பது சும்மா ஆரம்பத்தில் கொடுக்கிற ஒன்று, நிஜமான வேலைக்கு மற்றதுதான் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். அப்புறம் வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரலைக் கட்டற்றதாக எழுது என்று எந்த நிறுவனத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலரும் நினைக்கிற மாதிரி அந்த நெறி தனியுரிமப் பெயர்களை உச்சரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஏற்கனவே விண்டோஸ் இருக்கிற கணினியில் பக்கத்தில் லினக்ஸ் போடுவது எப்படி, அதிலிருக்கும் கோப்புகளை இங்கிருந்து எடுப்பது எப்படி என்று எழுதலாம், அது ஆளை இந்தப் பக்கம் கூட்டி வருகிற வேலை என்று ஒத்துக்கொள்கிறது. ஆகவே அங்கேயும் பெயர் வருகிறதா என்பதைவிட, ஆளை எந்தப் பக்கம் நடத்துகிறோம் என்பதுதான் முக்கியம். இதைப் படித்தபோதுதான் எனக்கே கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

ஆனால் நடைமுறையில் அந்த நெறி சில இடங்களில் மௌனமாக முடிகிறது. லினக்ஸ்-லிப்ரே என்ற கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண லினக்ஸ் கர்னலிலிருந்து மூலநிரல் இல்லாத துண்டுகளையெல்லாம் நீக்கித் தருகிறார்கள், மிகப் பெரிய உழைப்பு, அதற்கு எப்போதும் மரியாதை உண்டு. அதில் ஒரு கார்டு ஃபர்ம்வேர் கேட்டால் கணினி தானே எழுதி வைக்கும் பதிவேட்டில் கட்டற்ற ஃபர்ம்வேர் இல்லை என்று வரி வரும், எந்தக் கோப்பு என்ற இடத்தில் பெயர் இருக்காது, எடுக்கப்பட்டது என்ற குறி மட்டும் இருக்கும். எனக்கு அந்தக் குறியே போதும், நான் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வேன். நூலகர் அக்கா பதிவேட்டைத் திறக்கப் போவதில்லை, திறந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. மௌனத்தால் அவர் தனியுரிமத்திலிருந்து தப்பவில்லை, நேராகக் கள்ள விண்டோஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இன்னும் கூர்மையான உதாரணம் கணினியின் செயலிக்குள் (பிராசஸருக்குள்) ஓடும் மைக்ரோகோடு என்ற சின்ன நிரல். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அவற்றில் சிலவற்றை அடைக்கச் செயலி நிறுவனம் கொடுத்த மைக்ரோகோடு புதுப்பிப்பு வேண்டியிருந்தது, அது தனியுரிமம். அந்த நெறிப்படி நடக்கும் வழங்கல் அதைத் தரவும் முடியாது, போட்டுக்கொள் என்று சொல்லவும் முடியாது. ஆனால் செயலி வெளியே வரும்போதே அதற்குள் ஒரு பழைய மைக்ரோகோடு பதிந்துதான் இருக்கிறது, அதுவும் தனியுரிமம்தான். அறக்கட்டளையின் வாதம், சிப்பில் பதிந்து மாற்ற முடியாமல் இருப்பதை வன்பொருளின் பகுதியாகப் பார்க்கலாம், வட்டிலிருந்து ஏற்றுவதைத்தான் மென்பொருளாகப் பார்க்க வேண்டும் என்பது. கோடு எங்கேயாவது போட்டாக வேண்டும், அதனால் அங்கே போட்டார்கள் என்று புரிகிறது. ஆனால் ஓட்டையுள்ள பழைய மைக்ரோகோடு உள்ளே இருக்கலாம், புதியது இருக்கிறது என்ற சேதியே சொல்லக் கூடாது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இடத்தில் சேதியை மறைப்பதால் யாருக்கும் கூடுதலாகச் சுதந்திரம் கிடைக்கவில்லை.

அடுத்த கோடிக்குப் போவோம், கடை விரித்து வைக்கும் வழி. 2004-ல் வந்த உபுண்டு நிறுவும்போதே, கிராபிக்ஸ், வைஃபை வன்பொருளுக்கான மூன்றாம் தரப்பு மென்பொருளையும் சேர்த்துப் போடவா என்று ஒரு டிக் பெட்டி காட்டும். ஃபெடோரா என்ற இன்னொரு வழங்கல் தன்னுடைய களஞ்சியத்தில் ஃபர்ம்வேரைத் தவிர வேறு தனியுரிமம் வைப்பதில்லை, ஆனால் முதல்முறை தொடங்கும்போது வெளிக்களஞ்சியங்களைத் திறந்துவிடவா என்று கேட்கும், சரி என்றால் குரோம், என்விடியா டிரைவர், ஸ்டீம் எல்லாம் மென்பொருள் கடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபிளாட்ஹப் என்ற லினக்ஸ் மென்பொருள் கடையில் கட்டற்றதும் தனியுரிமமும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் தனியுரிமம் என்ற சின்ன முத்திரை தெரியும்.

இதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆள் திணறாமல் வேலையைத் தொடங்கிவிடுவார். எங்கள் குழுவில் இரண்டு பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள். நானும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் இருந்தேன், சிம்மக்கல் பக்கம் டிடிபி சென்டர் வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு நடந்தது வரைக்கும். அவர் கடைக்கு லினக்ஸ் போட்டபோது நிறுவும் நேரத்தில் எல்லா டிக்கையும் போடச் சொன்னது நான்தான். லேசர் பிரிண்டருக்கு அதைச் செய்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் கொடுத்திருந்தது, பழைய 32 பிட் பைனரி, அதையும் போட்டோம், ஒரு வருடம் அருமையாக ஓடியது. அப்புறம் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு ஏற்றினோம். அந்த டிரைவர் எதிர்பார்த்த பழைய துணை நிரல்கள் (லைப்ரரிகள்) புதிய பதிப்பில் இல்லை, பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. ஆவணி முகூர்த்தம், காதணி விழாப் பத்திரிகை மூன்று பேருக்குச் சாயங்காலத்துக்குள் புரூஃப் காட்ட வேண்டும். நிறுவனம் புது டிரைவர் விடவில்லை, வழங்கலைச் செய்தவர்களால் திருத்த முடியாது, மூலநிரல் இல்லை, நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து தலையைச் சொறிவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அண்ணன் கோபப்படவில்லை. "நீங்கதானப்பா அந்த டிக்கப் போடச் சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த டிக் பெட்டி அவரிடம் எதைச் சொல்லவில்லை என்று பிறகு யோசித்தேன். இது ஓடும் என்று சொன்னது. இது உடைந்தால் நம்மில் யாராலும் திருத்த முடியாது என்று சொல்லவில்லை. ஒரு பெட்டிக்குள் வைஃபை ஃபர்ம்வேர், கிராபிக்ஸ் டிரைவர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆமாவா இல்லையா என்று கேட்டால், அவசரத்தில் இருக்கிறவர் ஆமாதான் சொல்வார்.

அடோபியின் தனியுரிம மென்பொருளான ஃபிளாஷின் கதையும் இப்படித்தான். இணையத்தில் வீடியோ பார்க்க ஃபிளாஷ் வேண்டும் என்று வருடக்கணக்கில் எல்லா லினக்ஸ் வழிகாட்டிகளும் சொல்லிக் கொடுத்தன, ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளப் பொதிகூட இருந்தது. 2020 டிசம்பர் 31-ல் அடோபி அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் படம் படமாக ஃபிளாஷில் செய்து வைத்திருந்தார், ஒரு சிடி நிறைய. இப்போது அதைத் திறக்க ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள்தான் கைகொடுக்கிறது, அதிலும் எல்லாப் பாடமும் திறக்கவில்லை. அன்றைக்கு அவரிடம் ஃபிளாஷ் நல்லது என்று சொன்ன யாரும் இன்றைக்கு அந்த சிடிக்குப் பொறுப்பில்லை.

இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் நிற்கிறது சமையல் குறிப்பு வழி. ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தில் போர்ட்ஸ் என்று ஒன்று உண்டு. மென்பொருளை அவர்கள் தருவதில்லை, எங்கிருந்து இறக்குவது, எப்படி நிறுவுவது என்ற குறிப்பு மட்டும் இருக்கும், அதில் ஒரு சிலது தனியுரிம மென்பொருளுக்கான குறிப்பு. இதைக் காரணம் காட்டி ஓபன்பிஎஸ்டியைத் தன்னால் பரிந்துரைக்க முடியாது என்று ஸ்டால்மன் சொல்லப்போய், 2007 டிசம்பரில் பெரிய சண்டை. ஓபன்பிஎஸ்டி பக்கத்தில் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. மூலநிரல் இல்லாத டிரைவர்களைக் கர்னலுக்குள் விடவே மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றவர்கள். அந்தத் திட்டத்தின் தலைவர் தியோ டி ராட்டுக்கு 2004-ல் விருது கொடுத்ததே ஸ்டால்மனின் அறக்கட்டளைதான். வெறும் முகவரி எழுதி வைத்ததற்கு எங்களைக் குறை சொல்கிறாயே, உன்னுடைய ஈமாக்ஸ் எடிட்டர் விண்டோஸில் ஓடவில்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். விண்டோஸ் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதில் கட்டற்ற நிரலை ஓடவைப்பதால் யாரும் புதிதாக விண்டோஸுக்குப் போகப் போவதில்லை, ஆனால் கட்டற்ற இயங்குதளம் ஒன்று தானே ஒரு தனியுரிம நிரலைப் போட வழி செய்து வைத்தால் அது போடச் சொல்வதற்குச் சமம் என்பது ஸ்டால்மனின் பதில்.

இதில் நான் ஸ்டால்மன் பக்கம் பாதி, அவர்கள் பக்கம் பாதி. கட்டளை அடித்தால் தானாக இறங்கி நிறுவிக்கொள்ளும் என்றால் அது குறிப்பு மட்டும் இல்லை, பரிமாறுவதுதான், இலை மட்டும் வேறு வீட்டு இலை. டெபியனிலும் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை இறக்கித் தரும் ஒரு பொதி இப்படித்தான் இருக்கிறது, ஃபிளாட்ஹப்பிலும் சில மென்பொருள்களை நிறுவும் நேரத்தில் நிறுவனத்தின் முகவரியிலிருந்தே இறக்குகிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பைத் திறந்து படித்தால் எங்கிருந்து வருகிறது, உரிமம் என்ன, கோப்பு மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் எண் என்ன என்பது எல்லாமே வெட்டவெளிச்சமாக இருக்கிறது. அந்த வெளிச்சத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், தானாக இறங்கும் பொத்தானை விட்டுவிடுகிறேன்.

இப்போது டெபியன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எங்கள் பென் டிரைவ் இதன் மேல்தான் நிற்கிறது, இவர்கள்தான் இந்தக் கேள்வியோடு அதிக காலம் போராடியவர்கள். 1993-ல் தொடங்கிய திட்டம், 1997-ல் சமூக ஒப்பந்தம் என்று ஒன்றை எழுதிக்கொண்டது. டெபியன் நூறு சதம் கட்டற்றதாகவே இருக்கும் என்பது முதல் வாக்கு. ஐந்தாவது வாக்கு, எங்கள் பயனர்களில் சிலருக்குக் கட்டற்றதல்லாத மென்பொருளும் தேவைப்படுகிறது, அதற்குத் தனிப்பகுதி வைத்திருக்கிறோம், அது டெபியனின் பகுதி இல்லை என்பது. அந்தத் தனிப்பகுதியைத் தூக்கிவிடலாமா என்று 2004-ல் ஓட்டெடுப்பே நடந்தது, வேண்டாம் இருக்கட்டும் என்று முடிவானது. 2011-ல் வந்த ஆறாம் பதிப்பில் கர்னலிலிருந்த தனியுரிம ஃபர்ம்வேரையெல்லாம் எடுத்து அந்தத் தனிப்பகுதிக்குத் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் டெபியன் நிறுவியவர்களில் பலரும் ஒரு திரையைப் பார்த்திருப்பார்கள். உங்கள் வன்பொருளில் சிலவற்றுக்குக் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் தேவை, காணாமல் இருக்கும் கோப்புகள் இவை என்று பெயரோடு சொல்லி, இருந்தால் வேறொரு பென் டிரைவில் போட்டுச் செருகு என்று கேட்கும். நான் முதன்முதலில் அந்தத் திரையைப் பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கு நினைத்தால் அது எவ்வளவு நேர்மையான திரை! பெயர் சொல்கிறது, காரணம் சொல்கிறது, முடிவை உன்னிடம் விடுகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வைஃபை ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும், பல புது மடிக்கணினிகளில் கேபிள் செருகும் ஓட்டையே கிடையாது. ஃபர்ம்வேரோடு சேர்ந்த நிறுவிகளும் இருந்தன, ஆனால் அதிகாரப்பூர்வமற்றவை என்று ஒரு மூலையில், தேடினால்தான் கிடைக்கும். ஒலிக்கும் ஃபர்ம்வேர் கேட்கிற மடிக்கணினிகள் வேறு வந்துவிட்டன. பார்வையில்லாதவர் திரைவாசிப்பானை நம்பி நிறுவ உட்கார்ந்தால் குரலே வராது, எந்தத் திரையில் எந்த எச்சரிக்கை போட்டு என்ன பயன்?

2022-ல் மறுபடி ஓட்டெடுப்பு. ஒரே நிறுவி, அதிலேயே தேவையான ஃபர்ம்வேரும் இருக்கலாம் என்று முடிவானது, சமூக ஒப்பந்தத்திலும் அதற்கு ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். 2023 ஜூன் 10-ல் வந்த டெபியன் 12-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஃபர்ம்வேருக்கென்று தனியாக ஒரு பகுதி பிரித்தார்கள், அதாவது வைஃபைக்காகக் கதவைத் திறந்தால் மற்ற தனியுரிமமெல்லாம் கூடவே நுழைந்துவிடாது. வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே தடுக்கலாம். என்னென்ன ஃபர்ம்வேர் ஏறியது என்று பயனருக்குச் சொல்ல வேண்டும், கணினியிலும் குறித்து வைக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். கணினியில் இருக்கும் கட்டற்றதல்லாத பொதிகளைப் பட்டியல் போட்டுக் காட்ட ஒரு சின்ன நிரலும் ரொம்ப காலமாகவே உண்டு.

எனக்கு இதில் மனக்குறை ஒன்று இருக்கிறது. முன்பு நிறுத்திக் கேட்ட திரை இப்போது வருவதில்லை, தேவையென்றால் தானாகவே ஏறிவிடுகிறது. எல்லாம் ஓடுகிறது, ஆனால் புதிதாகப் போடுகிறவருக்குத் தன் வைஃபைக்குள் ஒரு மூடிய பெட்டி இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. தெரியாததை அவர் அடுத்த முறை கடையில் கேட்கப் போவதும் இல்லை. ஏத்தரோஸ் சிப் உள்ள பழைய கார்டுகள் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் ஏற்றவே தேவையில்லை, ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபைக்கு ஃபர்ம்வேர் உண்டு, ஆனால் அது கட்டற்றது. இப்படிப்பட்டது இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா ஒருவர் அதைத் தேடி வாங்குவார்?

சரி, எழுத்துரு விஷயத்துக்கு வருகிறேன், குழுவுக்குள் வாதம் திரும்பியது இங்கேதான். மதுரையில் எந்த டிடிபி கடைக்குப் போனாலும் பேஜ்மேக்கர் கோப்புகள் மலைபோல் கிடக்கும், 2001-க்குப் பிறகு பெரிய புதுப் பதிப்பே வராத பக்க வடிவமைப்பு மென்பொருள். உள்ளே தமிழ் என்று தெரிவதெல்லாம் பாமினி, வானவில் மாதிரி ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு இடம் பிரித்துக்கொண்ட எழுத்துருக்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் "மதுரை" என்பது நாலைந்து ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். இதிலிருந்து ஒருவரை எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) கொண்டுவர வேண்டுமென்றால், கட்டற்ற மாற்றிகள் இருக்கின்றன, நாங்களும் ஒன்றைப் பென் டிரைவில் சேர்த்திருக்கிறோம், ஆனால் எந்த எழுத்துருவிலிருந்து என்று அதனிடம் சொல்லியாக வேண்டும். பாமினி என்ற பெயரைக் கையேட்டில் எழுதாமல் பாமினியிலிருந்து வெளியே வருவது எப்படி என்று எழுதவே முடியாது. நம் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தபோது ஒரு கட்டத்தில் தகுதரம் (டிஸ்கி) என்ற குறியீட்டில் இருந்தது, பிறகு ஒருங்குறிக்கு மாறியது. அந்தக் குறியீடு இன்னதென்று வெளிப்படையாக எழுதி வைத்திருந்ததால் அந்த மாற்றம் நடந்தது, நூல்கள் பிழைத்தன.

இதைச் சொன்னதும், பெயரே கூடாது என்று நின்ற நண்பன் கொஞ்சம் இறங்கி வந்தான். "வெளிய வர்றதுக்குப் பேரு சொல்லலாம். உள்ள போறதுக்குச் சொல்லக் கூடாது. அப்படி வச்சுக்குவமா?" என்றான். நான் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தை உதாரணமாகச் சொன்னேன். ஒருவர் வந்து தேனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால், இங்கிட்டு இல்லங்க, ஆரப்பாளையம் போங்க என்று சொல்வோம், நமக்குத் தேனிக்குப் போகும் உத்தேசம் இல்லாவிட்டாலும் சொல்வோம், தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தால் அது பாவம். அதற்காக நாம் நின்றுகொண்டு தேனி தேனி என்று கூவி, பையைப் பிடுங்கி ஏற்றிவிடுவதில்லை. மௌன வழி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் நிற்கிறது, டிக் பெட்டி வழி கேட்காதவரையும் ஏற்றிவிடுகிறது.

அப்படிப் பார்த்தால் எங்கள் ஊருக்கு, எங்கள் ஆட்களுக்கு, நான் தேர்ந்தெடுப்பது டெபியனின் பழைய திரையும் புதிய ஏற்பாடும் கலந்த ஒன்று. ஃபர்ம்வேர் பென் டிரைவிலேயே தனி அடைப்பில் இருக்கும், அது இல்லாமல் கிராமத்தில் ஒன்றும் நடக்காது. ஆனால் தானாக ஏறாது. கேட்கும், தமிழில் கேட்கும், ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாகக் கேட்கும். ஒலிக்கு மட்டும் விலக்கு, குரல் வந்தால்தானே கேள்வியே காதில் விழும், அதனால் அது முதலில் ஏறிக்கொண்டு பிறகு சொல்லும். பயன்பாட்டு மென்பொருள் விஷயத்தில் கறாராக இருக்கிறோம். குரோமுக்கோ ஜூமுக்கோ கையேட்டில் வழி கிடையாது, மென்பொருள் கடையில் அவை தெரியாது. ஃபர்ம்வேர் இல்லாமல் கணினியே பாதி செத்துக் கிடக்கிறது, இவற்றுக்கு அப்படியில்லை, பதிலுக்குக் கட்டற்ற ஃபயர்பாக்ஸும் ஜிட்சியும் இருக்கின்றன. வேண்டுமென்கிறவர் எப்படியும் தேடிப் போட்டுக்கொள்வார், நாங்கள் தடுக்கப் போவதில்லை.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் விண்டோஸும், சென்னையில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் பக்கம் போகாதவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். எது எதற்கு, ஏன் இரண்டு என்று பிள்ளைகளிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த மடிக்கணினிகள் இன்றும் கிராமத்தில் கிடக்கின்றன, எங்கள் பென் டிரைவ் போகப்போவது பெரும்பாலும் அவற்றுக்குத்தான்.

கையேட்டின் பதினோராம் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது: "வைஃபை தெரியவில்லையா? கார்டு உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், கடைக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். இந்தக் கார்டு இயங்க அதைச் செய்த நிறுவனத்தின் ஃபர்ம்வேர் தேவை. அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களாலும் எங்களாலும் பார்க்க முடியாது, பழுதானால் எங்களால் திருத்த முடியாது. அது இல்லாமல் வைஃபை வேண்டுமென்றால் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை வாங்கலாம். வாங்க வழியில்லை என்றால் பென் டிரைவில் உள்ள ஃபர்ம்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள், போட்டது எது என்று 'என் கணினி' பக்கத்தில் குறிக்கப்படும்." இதில் "கடைக்கு எடுத்துப் போகவும் வேண்டாம்" என்பதைச் சேர்க்கச் சொன்னது நூலகர் அக்கா. வரைவை அவரிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தோம்.

பிரிண்டர் பக்கம் இன்னும் முடியவில்லை. எச்பி லேசர்ஜெட் 1020 மாதிரியான பிரிண்டர்கள் ஒவ்வொரு முறை போடும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கும். எச்பியின் லினக்ஸ் மென்பொருள் கட்டற்றது, டெபியனின் முதன்மைப் பகுதியிலேயே இருக்கிறது, ஆனால் சில பிரிண்டர்களுக்கு அதுவே ஒரு தனியுரிமச் செருகியை இறக்கச் சொல்லிக் கேட்கும். அந்தக் கேள்வி வரும் திரையை அப்படியே விடுவதா, எங்கள் தமிழ்த் திரையை அதற்கு முன்னால் வைப்பதா என்று நாலு பேரில் இரண்டுக்கு இரண்டாக நிற்கிறோம். டிடிபி அண்ணனிடம் கேட்டோம். "முன்னாடியே சொல்லிருங்கப்பா, அது போதும்" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி உட்காருகிறோம்.